வேண்டியவர்கள்: நீலகிரியில் இரு வடக்கத்தியர்

1. ஒரு பெயர், இரு கதைகள்

நீலகிரியின் மேட்டுப்பகுதியில் ‘உள்ளூர்க்காரர்’ என்றால் இன்று முதலில் நினைவுக்கு வருபவர்கள் படுகர்கள். ஊர் (அவர்கள் வழக்கில் ‘ஹட்டி’) அவர்களுடையது. தேயிலை அவர்களுடையது. ஜனவரி மாதத்தில் பேரகணியில் கூடும் எத்தையம்மன் திருவிழாக் கூட்டமும் அவர்களுடையது. ஆனால் பெயரைப் பிரித்துப் பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. கன்னடத்தில் ‘படக’ என்றால் வடக்கு. படகர் என்றால் வடக்கிலிருந்து வந்தவர். மைசூர்ச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்களுக்கு ஏற்கெனவே அங்கிருந்தோர் வைத்த பெயர் அது. பிறகு அவர்களுடைய சொந்தப் பெயராகவே நிலைத்துவிட்டது.

அதே மலையில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 1964க்குப் பிறகு இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டு வந்த தமிழர்கள் அவர்கள். அரசின் ஏடுகளில் ‘தாயகம் திரும்பியோர்’, கடைத்தெருவில் ‘சிலோன்காரங்க’. இலங்கையில் இருந்தபோது இவர்களுக்கு இருந்த பட்டப்பெயர்கள் பல: கள்ளத்தோணி, தோட்டக்காட்டான். யாழ்ப்பாணத்தார் வாயில் ‘வடக்கத்தையான்’. யாழ்ப்பாணத்துக்கு இந்தியா வடக்கே அல்லவா இருக்கிறது!

ஆக, நீலகிரியில் இரண்டு வடக்கத்தியர் கூட்டங்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒன்றுக்கு அந்தப் பெயர் மண்ணின் அடையாளமாகவே ஆகிவிட்டது. மற்றொன்றுக்கு அறுபது ஆண்டுகளாகியும் ‘வந்தவர்’ என்ற முத்திரை அழியவில்லை. இத்தனைக்கும் பின்னால் வந்தவர்கள் மாநிலத்தின் மொழியான தமிழைப் பேசுகிறவர்கள். முன்னால் வந்தவர்கள் பேசுவது படுக மொழி. மொழிதான் ஏற்பைத் தீர்மானிக்கிறது என்றால் முடிவு தலைகீழாக இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. இதுவரை சொல்லப்பட்ட விடைகள்

இந்தக் கேள்வி இப்படி ஒன்றாக அதிகம் கேட்கப்பட்டதில்லை. காரணம், நீலகிரி பற்றிய எழுத்து இரண்டு தனித்தனி அலமாரிகளில் இருக்கிறது. ஒன்றில் பழங்குடி ஆய்வுகள். தோடர், கோத்தர், குறும்பர், படுகர் ஆகியோரின் உறவுமுறையை விவரித்த டேவிட் மாண்டல்பாம், படுகர்களின் சமூக வரலாற்றை எழுதிய பால் ஹாக்கிங்ஸ் போன்றோர் அங்கே இருக்கிறார்கள். ஹாக்கிங்ஸின் 1980ஆம் ஆண்டு நூல் படுகர்களைப் ‘பழங்கால இந்து அகதிகள்’ என்றே தலைப்பில் குறிப்பிடுகிறது. மற்ற அலமாரியில் மலையகத் தமிழர் பற்றிய நூல்கள். 1984இல் இவோன் ஃபிரீஸும் தாமஸ் பிபினும் எழுதிய நூல், இலங்கையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களை ‘வேண்டப்படாதவர்கள்’ என்று தலைப்பிட்டே பேசியது. தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணிகளைப் பற்றியும் படுகர்களைப் பற்றியும் எழுதிய ஃபிராங்க் ஹைடெமான் போன்ற மிகச் சிலரே இரண்டு அலமாரிகளையும் திறந்தவர்கள்.

அகதிகள், வேண்டப்படாதவர்கள் என்ற இந்த இரண்டு தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பாதி ஆய்வு முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பொதுவாகச் சொல்லப்படும் விடைகள் மூன்று. முதலாவது காலம்: படுகர்கள் வந்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது, மற்றவர்கள் நேற்று வந்தவர்கள், பொறுத்தால் எல்லாம் சரியாகும். இரண்டாவது பண்பாடு: சிலோன்காரர்களின் பழக்கவழக்கம் வேறு. மூன்றாவது எண்ணிக்கை: குறுகிய காலத்தில் மிகப் பலர் வந்து குவிந்ததால் உள்ளூர் மக்கள் அஞ்சினார்கள்.

மூன்றாவதில் உண்மை உண்டு. தேர்தலில் எண்ணிக்கை என்ன செய்யும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இவற்றில் எதுவும் போதாது. காலம் மட்டுமே போதுமென்றால் அதே நீலகிரியின் கூடலூர்ப் பகுதிக்குத் திருவிதாங்கூரிலிருந்து வந்த மலையாளக் குடியேறிகளை எப்படி விளக்குவது? 1940களில் ‘அதிக உணவு உற்பத்தி’ இயக்கத்தின்போதும் அதையடுத்தும் காட்டைத் திருத்திக் குடியேறியவர்கள் அவர்கள். சிலோன்காரர்களுக்கும் அவர்களுக்கும் இடையே இருபது, முப்பது ஆண்டு வித்தியாசம்தான். ஆனால் கூடலூர், பந்தலூர்க் கடைவீதிகளில் அவர்களை ‘வந்தவர்’ என்று ஒதுக்கிப் பேசுவோர் குறைவு. பண்பாட்டு விளக்கமும் அப்படியே. பாண், தேத்தண்ணி, மாசிச் சம்பல் என்ற இலங்கை உணவுப் பழக்கங்களைத் தவிர வேறு எந்த வேற்றுமை அவ்வளவு பெரிது?

3. படுகர்கள் எப்படி உள்ளூர்க்காரர் ஆனார்கள்

1603இல் மலையேறி வந்த பாதிரியார் ஜாகோமே ஃபெனிசியோவின் குறிப்பில் படுகர்கள் இடம்பெறுகிறார்கள். அதற்கு முன்பே அவர்கள் வந்துவிட்டார்கள் என்பது அதனால் உறுதியாகிறது. விஜயநகர ஆட்சியின் சரிவுக்குப் பின் மைசூர்ப் பகுதியில் நிலவிய குழப்பத்தில் கூட்டங்கூட்டமாக வந்தார்கள் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. படுகர்களின் சொந்த வாய்மொழிக் கதைகளும் தப்பியோடி வந்ததையே சொல்கின்றன. இன்று படுகர்களில் சிலர் தாங்கள் ஆதிமுதலே மலையில் இருந்தவர்கள் என்று வாதிடுகிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கக் கோரும் நெடுநாள் போராட்டத்தில் அந்த வாதத்துக்கு உள்ள பயனும் புரிந்துகொள்ளக் கூடியதே.

வந்தவர்கள் எப்படி இடம்பிடித்தார்கள்? மாண்டல்பாமும் பிறரும் விவரித்த பரிமாற்ற முறை இங்கே முக்கியமானது. தோடர்கள் எருமை மேய்த்தார்கள். அவர்களிடமிருந்து நெய் வந்தது. கோத்தர்கள் இரும்பு வேலையும் மட்பாண்டமும் செய்தார்கள். சாவு வீட்டுக்கு இசை வாசித்தார்கள். குறும்பர்கள் தேனும் மூங்கிலும் கொடுத்தார்கள். விதைப்புக்கு முன் சடங்கு செய்தார்கள். சூனியத்திலிருந்து காப்பவர்களும் அவர்களே, சூனியக்காரர்கள் என்று அஞ்சப்பட்டவர்களும் அவர்களே. படுகர்கள் தானியம் கொடுத்தார்கள். தோடர்களுக்கும் கோத்தர்களுக்கும் ஆண்டுதோறும் கொடுத்த தானியப் பங்குக்கு ‘குடு’ என்று பெயர். வந்தவர் இருந்தவருக்கு அளந்து கொடுத்த அந்தத் தானியத்தை வரி என்றும் படிக்கலாம், அன்பளிப்பு என்றும் படிக்கலாம். வெள்ளைக்கார அதிகாரிகள் அதை நிலத்துக்கான வாடகை என்று எடுத்துக்கொள்ளலாமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாட்டைத் தேன் தடவிய சித்திரமாகக் காட்டும் போக்கு பழைய எழுத்தில் உண்டு. அதை அப்படியே ஏற்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் சூனியக் குற்றம் சாட்டிக் குறும்பர்கள் கூட்டமாகக் கொல்லப்பட்ட நிகழ்வுகள் ஆவணங்களில் இருக்கின்றன. அந்தப் பரிமாற்றமும் நிலைக்கவில்லை. சந்தை வந்தது, பணம் வந்தது; 1930களில் படுகச் சாவுகளில் கோத்தர் இசை நிறுத்தப்பட்டதோடு அது ஏறக்குறைய முடிந்துபோனது. அதற்குள் படுகர்கள் எண்ணிக்கையில் பெருகி, நிலத்தில் ஊன்றி, மலையின் பெருஞ்சமூகமாகிவிட்டார்கள். உருளைக்கிழங்கும் பிறகு தேயிலையும் அவர்களைச் சந்தைக்குள் கொண்டுவந்தன.

இந்த வரலாற்றில் ஏற்பின் அளவுகோல் பற்றி ஒரு குறிப்பு கிடைக்கிறது. குடியேறியவர் ஏற்கப்பட்டாரா என்பதற்குப் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதையே நாம் உரைகல்லாக வைப்பது வழக்கம். நீலகிரியில் அது பொருந்தாது. படுகர்களும் தோடர்களும் கோத்தர்களும் நூற்றாண்டுகளாக அண்டை வீட்டார். அவர்களிடையே கொள்வினை கொடுப்பினை இருந்ததில்லை. சாவுக்கு யார் வந்து நிற்க வேண்டும், யார் வராவிட்டால் பிணம் எடுக்க முடியாது என்பதே அங்கே பழைய கணக்கு. ‘அவர் நமக்கு வேண்டியவர்’ என்று தமிழில் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: தேவையானவர், நெருக்கமானவர். பழைய நீலகிரியில் இந்த இரண்டு பொருளும் பிரியாமல் இருந்தன. சிலோன்காரர்களுக்கு அவை பிரிந்துபோயின என்பதே நான் முன்வைக்கும் வாதம்.

4. திரும்பாதவர்களின் திரும்புகை

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக வகிர்ந்துகொண்டார்கள். அந்த மக்களைக் கேட்டார்களா என்பதற்கு விண்ணப்பக் கணக்கே பதில். சுமார் 7 லட்சம் பேர் இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் சுமார் 4 லட்சம் பேர்தான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதத்துக்குள் புயல் தனுஷ்கோடியை அழித்தது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்துக்குப் போன வழி அது. ஆள் திரும்பி வர வேண்டிய நேரத்தில் துறையே இல்லை. பிறகு தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கு ‘இராமானுஜம்’ கப்பலில் வந்தார்கள். மண்டபம் முகாமில் இறங்கினார்கள். இலங்கைக்குக் கூலிகளை அனுப்பிய காலத்தில் நோய் பார்த்துத் தடுத்து வைத்த அதே மண்டபம் அது. கையில் கண்டியிலிருந்து இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை இருந்தது. 1984இல் கப்பல் நின்றபோது வந்து சேர்ந்திருந்தவர்கள் மூன்றே கால் லட்சத்துக்கும் மேல்.

‘தாயகம் திரும்பியோர்’ என்ற சொல்லை நான் சந்தேகத்தோடுதான் பயன்படுத்துகிறேன். திரும்புவதற்கு முதலில் புறப்பட்டிருக்க வேண்டும். ஹட்டனிலும் பதுளையிலும் பிறந்து, அங்கேயே பெற்றோரைப் புதைத்தவர்கள் எங்கே திரும்பினார்கள்? திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களில் பாட்டன் பிறந்த ஊரைத் தேடிப் போனவர்களுக்கு அங்கே காணி இல்லை, வீடு இல்லை. பங்கு கேட்க வந்துவிட்டார்களோ என்று சொந்தக்காரர்களே கலங்கினார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்றவர்களை ஊர் மறுபடியும் சேரிக்குள் நிற்கச் சொன்னது. இவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை மறந்து எழுதப்படும் எந்தக் குடியேற்ற வரலாறும் அரைகுறையே. உறவும் மொழியும் மதமும் பொதுவாக இருந்த பூர்விக ஊரே ஏற்காதபோது, ஏற்புக்குப் பண்பாட்டு ஒற்றுமை போதும் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

அரசு கொடுத்தவற்றில் அதிகம் பேருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். கொழுந்து கிள்ளிய கைக்கு 5,000 ரூபாயைக் கொடுத்துக் கடை வை என்றார்கள். அதிலும் தரகருக்கு ஒரு பங்கு போனது. இவ்வாறு கையில் எதுவும் மிஞ்சாமல் கொடைக்கானல் மேல்மலைக்குப் போய், வாட்டில் மரப்பட்டை உரிக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. மற்றவர்கள் தெரிந்த தொழில் இருக்கும் இடம் தேடி, தேயிலையைப் பார்த்து, நீலகிரிக்கு ஏறினார்கள்.

5. டான்டீயும் அதற்கு வெளியேயும்

நீலகிரிக்கு வந்தவர்கள் இருவகை. அரசே கொண்டுவந்து வைத்தவர்கள் ஒரு வகை. அவர்களுக்காக 1968இல் வனத்துறையின் கீழ்த் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, 1970களில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. மக்கள் வாயில் அது டான்டீ. சேரம்பாடி, சேரங்கோடு, கொளப்பள்ளி, நெல்லியாளம், நடுவட்டம், கோத்தகிரி என்று காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டவர்களும் இவர்களே, பிறகு கொழுந்து எடுத்தவர்களும் இவர்களே. குடியிருப்பு, இலங்கையில் விட்டுவந்த அதே லயம் (வரிசை வீடு). மறுவாழ்வு என்ற பெயரில் கடல் கடந்து மறுபடியும் கட்டப்பட்டது லயம்தான்.

லயத்தின் இயல்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் காலிசெய்ய வேண்டும். ஊர் தள்ளி இருக்கும். கடன், மருத்துவம், குழந்தை காப்பகம், சண்டை என்று எதற்கும் போய் நிற்க வேண்டிய இடம் தோட்ட அலுவலகம். அண்டை ஊர்க்காரருக்கு இவர்கள் எதையும் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களிடமிருந்து எதையும் வாங்க வேண்டியதுமில்லை. படுகர்களுக்குக் குடு என்ற ஒன்று இருந்தது. இவர்களுக்கும் அண்டையாருக்கும் இடையே அரசு நின்றது. பாதுகாப்புக்காகத்தான் நின்றது என்றாலும் விளைவு மதில் சுவர்.

இரண்டாம் வகையினர் தாமாக வந்தவர்கள். கோத்தகிரி, குன்னூர், உதகைப் பகுதிகளில் தனியார் தோட்டங்களிலும் படுகச் சிறு விவசாயிகளின் தேயிலையிலும் மலைக்காய்கறித் தோட்டங்களிலும் வேலைக்குச் சேர்ந்தார்கள்; புறம்போக்குச் சரிவுகளில் குடிசை போட்டார்கள். என் வாதத்துக்கு இவர்களே கடினமான சோதனை. ஏனென்றால் இங்கே மதில் இல்லை, தேவை நேரடியானது. படுக விவசாயி உருளைக்கிழங்கை விட்டுத் தேயிலைக்கு மாறியபோது கொழுந்து கிள்ளத் தேர்ந்த கை வேண்டியிருந்தது. அந்தக் கை சிலோன்காரப் பெண்ணின் கை. அவள் இல்லாமல் சிறு தேயிலையின் பெருக்கம் நடந்திருக்காது. ஆயினும் அந்தத் தேவை நெருக்கமாக மாறவில்லை. மாறாக 1980களில் மேட்டுப்பகுதியில் பகைமை கூடியது. ‘வெளியாட்கள் பெருகிவிட்டார்கள்’ என்ற குரல் பொதுக்குரலாயிற்று. பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனால், பூர்விக மாவட்டத்தில் போய் வாங்கு என்று திருப்பி அனுப்புவது வழக்கமாயிற்று. அந்தப் பூர்விக மாவட்டமோ இவர்களை அடையாளம் தெரியாது என்றது.

ஏன் இப்படி? வேண்டியவர் என்ற உறவுக்கு இரண்டு பக்கமும் மறுக்கும் வலு இருக்க வேண்டும் என்பதே என் விளக்கம். கோத்தர் வாசிக்க மறுத்தால் படுகரின் சாவுக்குக் குறை. படுகர் தானியம் மறுத்தால் கோத்தரின் வயிற்றுக்குக் குறை. புறம்போக்கில் குடியிருக்கும் கூலிப் பெண் கொழுந்து கிள்ள மறுத்தால் நாளை அவள் குடிசை இருக்கும் இடமே கேள்விக்குறி. நிலமில்லாதவரின் தேவை ஒருவழிப் பாதை. வேலைக்கு வேண்டியவர் ஊருக்கு வேண்டியவர் ஆகாமல் போவது இங்கேதான். கூடலூரின் மலையாளக் குடியேறிக்குப் பட்டா இல்லாவிட்டாலும் கையில் நிலம் இருந்தது, மிளகும் காப்பியும் விற்கச் சந்தைக்கு வந்தார், கடை வைத்தார், கடன் கொடுத்தார். கொடுக்கவும் மறுக்கவும் அவரிடம் ஏதோ இருந்தது.

6. ‘உள்ளூர்’ என்பது யார்?

இந்த விளக்கத்துக்கு ஒரு வலுவான மறுப்பு கூடலூரிலிருந்தே வருகிறது. குடியேறியவரை உள்ளூரார் ஏற்றார்களா என்று கேட்கும்போது உள்ளூரார் யார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். கூடலூரில் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர், பெட்டக்குறும்பர் ஆகியோரிடம் யாரும் ஏற்பு கேட்கவில்லை. நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பம் ஜென்மி (நிலப்பிரபு) உரிமை கொண்டாடியபோது கேட்கவில்லை. ஆங்கிலேயத் தோட்டங்கள் வந்தபோது கேட்கவில்லை. மலையாளக் குடியேறி கேட்கவில்லை. டான்டீ காட்டை வெட்டியபோதும் கேட்கவில்லை. 1988இல் கூடலூர்த் தெருக்களில் ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டு ஊர்வலம் போனபோதுதான் அவர்களும் இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. அவர்களின் கண்ணில் சிலோன்காரரும் காட்டைத் தின்றவர்களில் ஒருவரே. இந்தக் குற்றச்சாட்டை மறுக்க முடியாது. காட்டை வெட்டக் கொண்டுவந்து நிறுத்தியவர் யார் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லலாம்.

இங்கே நிலமே வழக்கில் இருக்கிறது. கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. அதன் 17ஆம் பிரிவில் வரும் நிலங்கள் காடா, தோட்டமா, குடியிருப்பா என்பது பல பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு. இந்தியாவின் வனச் சட்ட வரலாற்றையே மாற்றிய, 1995இல் தொடங்கிய கோதவர்மன் திருமுல்பாடு வழக்கும் கூடலூர்க் காட்டிலிருந்தே கிளம்பியது. தோட்ட வேலை கிடைக்காத சிலோன் குடும்பங்கள் பல இந்த ‘செக்‌ஷன் 17’ நிலத்தில்தான் குடியேறின. பட்டா இல்லை, பட்டா இல்லாததால் பலருக்கு மின் இணைப்பும் கிடைக்கவில்லை. அதே நிலத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் இதே நிலைதான். ஆனால் மற்றவர்களுக்குப் பின்னால் ஒரு சொந்த ஊரோ, கட்சியோ, சபையோ இருந்தது.

எனவே என் வாதத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். நிலம் கிடைத்தால் ஏற்பு கிடைக்கும் என்பது முழு உண்மையல்ல. யாருடைய நிலம் என்ற கேள்வியைத் தாண்டிக் கிடைக்கும் ஏற்பு அடுத்தவரை வெளியேற்றிப் பெற்றதாகவே இருக்கும். படுகர்களின் குடு அந்த வகையில் மேலானது. நிலத்தில் முதலில் இருந்தவருக்கு உரிமை உண்டு என்பதை ஆண்டுதோறும் தானியத்தால் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஆண்டுதோறும் அப்படிப் புதுப்பிக்கப்படும் ஒப்புதலை இன்றைய சட்டம் எதிலும் நான் காணவில்லை.

7. இன்றைய நிலை

1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. சிறு விவசாயியும் கூலியும் ஒன்றாக விழுந்தார்கள். இளையவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் இறங்கினார்கள். அங்கே அவர்களை யாரும் சிலோன்காரர் என்று கேட்பதில்லை, ‘ஊட்டிக்காரர்’ என்கிறார்கள். மலையில் கிடைக்காத ஊர்ப்பெயர் மலையை விட்டு இறங்கியபின் கிடைத்தது என்பது வேடிக்கைதான்.

டான்டீ பல ஆண்டுகளாக நட்டத்தில் ஓடுகிறது. அதன் வசமிருந்த நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்டதை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022இல் அரசு ஆணையிட்டது. காடு காடாவதை நான் எதிர்க்கவில்லை. யானைக்கும் வழி வேண்டும். ஆனால் அந்த நிலத்தில் லயங்களும் இருக்கின்றன. அவற்றில் இருப்பவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். மூன்றாம் தலைமுறையும் வந்துவிட்டது. வனத்துறை எல்லைக்கல் நடுவதற்கு முன் இரண்டு வேலைகளை அரசு முடித்தாக வேண்டும். ஆதிவாசிகளின் வன உரிமைக் கோரிக்கைகளைக் கிராம சபைகளில் வைத்துத் தீர்க்க வேண்டும். லயத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓய்வு பெற்றவர் உட்பட, பெண்ணின் பெயரில் வீட்டுமனைப் பட்டா கொடுக்க வேண்டும். அந்தப் பட்டாவில் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற சொல் வேண்டாம்; ஊர்ப்பெயர் போதும்.